நிற்பவர்களின் முற்பிறவி

அகிலத்தின் காலணிக் கடைகள் அனைத்தும் காலைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த வேளையில், காலத்தைப் பற்றிச் சிந்தித்த ஒரே கடை எங்கள் கடை! பிற கடைகளில் ஊழியருக்குக் கால் வலித்தால் காலைப் பார்க்கிறார்கள், அற்பர்கள்! எங்கள் கடையில்தான் முற்பிறவியைப் பார்த்தோம். மேலாளர் என்ற முறையில் அந்த மகத்தான ஆராய்ச்சியைப் பக்கத்தில் நின்று, மன்னிக்கவும், உட்கார்ந்து பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது.

கடையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் இரண்டு வரிசை மெத்தை இருக்கைகள்; அவை வாடிக்கையாளருக்கு. கல்லாவுக்குப் பின்னால் சுழல் நாற்காலி, அது முதலாளிக்கு. வாசலருகே கைப்பிடி வைத்த நாற்காலி, அது எனக்கு. விற்பனைப் பெண்கள் எட்டுப் பேருக்குத் தரை இருந்தது. நிற்பதற்குத் தாராளமாகவே இருந்தது. ஈ பறக்காத பிற்பகலிலும் அவர்கள் நின்றாக வேண்டும் என்பது விதி. உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணைக் கண்டால் வாடிக்கையாளரின் 'வாங்கும் உணர்ச்சி' அங்கேயே செத்துவிடும் என்பது முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு.

இந்தச் சொர்க்கத்தில் ஒருநாள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எழுப்பியவர், எட்டுப் பேரில் மூத்தவரான 'பெரியக்கா'.

"ஐயா, டாக்டர் பார்த்துட்டாரு. கால் நரம்பெல்லாம் சுருண்டு போச்சாம். நடுநடுவுல உட்காரணும், இல்லேன்னா வேலைய விடணும்னு சொல்லிட்டாரு. ரேக்குக்குப் பின்னாடி ஆளுக்கொரு ஸ்டூல் போட்டீங்கன்னா வெளிய தெரியவே தெரியாது."

முதலாளியின் கண்கள் கருணையால் கசிந்தன.

"ஏம்மா, நான் என்ன கல்நெஞ்சக்காரனா? ஸ்டூல்தானே, போட்டா போச்சு. ஆனா அது வலியை மறைக்கும், தீர்க்காது. வேரைப் பிடிக்கணும்மா, வேரை!"

வேர் எங்கே இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும். தமக்குத் தூக்கம் வராத காரணத்தை அறிய அண்மையில்தான் அவர் ஓர் 'ஆழ்மன அறிஞரிடம்' சென்று வந்திருந்தார். ஹிப்னாடிசத்தில் ஆழ்ந்து, தாம் முற்பிறவியில் ஒரு பேரரசர் என்பதைக் கண்டறிந்தார். எதிரிகள் சூழ்ந்த பாசறையில் கண்விழித்த பழக்கம் இன்னும் விடவில்லையாம். அதே அறிஞரிடம் போன வட்டிக்கடைக்காரர் படைத்தளபதி. கட்டட ஒப்பந்தக்காரர் ஒரு மகாராணி. கட்டணம் செலுத்தியவர்களில் ஒருவர்கூட முற்பிறவியில் சாதாரணக் குடிமகனாக இருந்ததில்லை. குடிகளே இல்லாமல் அத்தனை பேரரசுகள் எப்படி நடந்தன என்று கேட்பது பகுத்தறிவு. பகுத்தறிவுக்கு எங்கள் கடையில் சைஸ் கிடையாது.

அறிஞர் வந்தார், அவருடைய சாய்வு நாற்காலியும் வந்தது. கிடங்கில், டப்பா அடுக்குகளுக்கு நடுவே அதை விரித்தார். பெரியக்கா உட்கார்ந்தார். "உங்கள் இமைகள் கனக்கின்..." என்று அறிஞர் தொடங்கினார். '...றன' வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அறிஞருக்கு மெய்சிலிர்த்தது. "என் அனுபவத்துலயே இப்படி ஒரு ஆழ்மனத்தைப் பார்த்ததில்ல சார்! உங்க முதலாளியை ஆழ்த்தறதுக்குள்ள எனக்குத்தான் கண்ணைக் கட்டுச்சு." பிறகு குனிந்து, தேன் குழைத்த குரலில் கேட்டார். "அம்மா, இப்போ எங்க இருக்கீங்க?"

"ம்... அந்த மாடல் மேல இருக்குங்க... எடுத்தாரச் சொல்றேன்..."

"பார்த்தீங்களா! எடுத்து வரச் 'சொல்றாங்க'! ஏவல் ஆட்கள் இருந்திருக்காங்க. சீமாட்டி! சந்தேகமே இல்ல!"

அன்று மாலைக்குள் எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரும் உட்கார்ந்த கணத்தில் ஆழ்ந்தார்கள். எட்டுப் பேரும் கொடுங்கோல் சீமாட்டிகள் என்று நிறுவப்பட்டார்கள். பணிப்பெண்களைக் கால்கடுக்க நிற்கவைத்த பாவத்தை இப்பிறவியில் நின்று தீர்க்கிறார்களாம். முதலாளி எல்லோரையும் கூட்டி, சுழல் நாற்காலியில் அமர்ந்தபடி, உருக்கமாக உரைத்தார்.

"இப்ப நான் ஸ்டூல் போட்டேன்னு வைங்க, பாவம் தீராம நின்னுபோகும். மிச்சம் அடுத்த பிறவிக்குப் போயிடும். உங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

மேல் தட்டு டப்பாக்களை எக்கி எடுப்பதால் 'ஏணி' என்று பெயர் பெற்ற நெட்டைப் பெண் கையை உயர்த்தினாள். "பரவால்ல சார். இப்ப உட்கார்ந்துக்கறோம். மிச்சத்தை அடுத்த பிறவில நின்னுக்கறோம்."

"பார்த்தியா, பார்த்தியா! போன பிறவிலயும் இதே வாய்தான்!"

ஸ்டூல் மறுக்கப்பட்டது, ஆராய்ச்சி தொடர்ந்தது. அடடா, அந்தப் பெண்களின் அறிவுத் தாகத்தை என்னென்பேன்! "சார், எனக்கு அதுக்கு முந்தின பிறவியும் பார்க்கணும்." "சார், நேத்து பாதியிலயே எழுப்பிட்டீங்க." கிடங்கு வாசலில் எப்போதும் வரிசை. ஆனால் பெரியக்காவின் கால் மட்டும் விஞ்ஞானத்துக்கு ஒத்துழைக்கவில்லை. கடையிலேயே பெரிய சைஸ் செருப்புக்குள்ளும் அது நுழைய மறுத்தது.

"இந்த மாசத்தோட நின்னுக்கறேன் சார்," என்றார் என்னிடம். "இங்க நிக்கறதை நிறுத்தறதுக்கு வேற வழியில்ல. வீட்டுல அடுப்பு எரியணும், அதுக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல."

அந்த வாரமே காலணி வணிகர் சங்கத்தார் எங்கள் கடைக்கு வந்தார்கள். 'ஊழியர் நலனில் ஆழ்மனப் புரட்சி' என்ற தலைப்பில் நேரடி விளக்கம். மெத்தை இருக்கைகளில் முதலாளிமார் நிறைந்தார்கள். முதலில் சங்கத் தலைவரே சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அறிஞர் கையை அசைத்தார், கண்ணை உருட்டினார், வியர்த்து நனைந்தார். தலைவர் விழித்தது விழித்தபடி இருந்தார்.

"தம்பி, எனக்குப் பசிதான் வருது."

"பெரியக்காவைக் கூப்பிடுங்க!" என்று அலறினார் அறிஞர்.

பெரியக்கா சாய்ந்தார், கண்ணை மூடினார். குறட்டை மட்டும் வரவில்லை. அவருடைய கால் பெருவிரல் தாளம் போடுவதை நான் கவனித்தேன்.

"எங்க இருக்கீங்கம்மா?"

"அரண்மனையில." பலத்த கைதட்டல்.

"யார் தெரியறாங்க?"

"பேரரசர். நம்ம முதலாளிதான். அதே மூக்கு." முதலாளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க யாரு?"

"அவனைப் பெத்தவ."

பெரியக்காவின் குரல் உயர்ந்தது. "ஏன்டா, பெத்தவ கால் வீங்கி நிக்கறேன், நீ பாட்டுக்குச் சுத்தற நாற்காலியில உட்கார்ந்திருக்கே? எந்திரிடா!"

முதலாளி எழுந்துவிட்டார். அறிவு தடுப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன. கடை அதிரச் சிரித்தது சங்கம்.

"பொய்! நடிக்கிறா!" என்று கத்தினார் முதலாளி.

அறிஞர் அவர் காதருகே வந்தார். "ஐயா, ஆழ்மனம் பொய் சொல்லாது. சொல்லும்னு வச்சுக்கிட்டா, உங்களுக்கும் சொல்லியிருக்கும்."

அரியணையா, ஸ்டூலா? முதலாளி தவித்த அந்த நொடியில் ஏணி கன்னத்தில் கைவைத்தாள். "ஐயோ, எனக்கும் ஞாபகம் வருதே! நான் இவருக்கு அத்தை!" "நான் சித்தி!" "நான் பெரியம்மா!"

"ஏம்ப்பா," என்றார் சங்கத் தலைவர், "குடும்பத்தையே நிக்க வெச்சிருக்கியே!"

மறுநாள் காலை எட்டு ஸ்டூல்கள் வந்து இறங்கின. 'ராஜமாதா நலத்திட்டம்' என்று முதலாளி அதற்குப் பெயரிட்டார். பேரரசு பிழைத்தது, பெரியக்காவின் வேலையும் பிழைத்தது.

செத்தது விஞ்ஞானம் ஒன்றுதான். அடுத்த வாரம் அறிஞர் வந்து நாற்காலியை விரித்தார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் கண் சொருகவில்லை. "இவங்க ஆழ்மனத்தை யாரோ பூட்டிட்டாங்க சார்!" என்று குமுறியபடி நாற்காலியை மடக்கினார்.

மனம் தளர வேண்டாம், அறிஞர் பெருமானே! வாங்க வந்தவர் உட்கார்ந்தும் விற்பவர் நின்றும் இருக்கும் கடைகள் நாட்டில் ஏராளம். எங்கே வேண்டுமானாலும் நுழைந்து அந்த நாற்காலியை விரியுங்கள். இமைக்கும் முன் உறங்கி விழுவார்கள். நிற்பவர் முற்பிறவியில் செய்த பாவத்தை ஆற அமரத் தேடுங்கள். இப்பிறவியில் பாவம் செய்பவரைத் தேட மட்டும் உங்கள் வித்தை தேவைப்படாது. அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.