உன் மாமா முகம் கரையாத மை

அன்புத் தம்பி வெற்றிவேலுக்கு,

நைனார்பாளையத்திலிருந்து அக்கா ராஜாம்பாள். நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். அதை நம்பாதே.

உன் மாமா போய்ச் சேர்ந்து எட்டு மாதம். என் மகள் தேவதர்ஷினிக்கு நீ வாங்கிக் கொடுத்த பிரிண்டரில்தான் அவர் படத்தை அச்சடித்தோம். கண்ணாடி போட்டால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்று நிற்குமே என்று, அட்டையில் ஒட்டி மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கிற மாதிரி ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். முதல் வாரம் மீசை தாடைக்கு இறங்கியது. மறுவாரம் சட்டை நீலம் கழுத்துக்கு ஏறியது. நானே அவரைத் துடைத்து அழிக்கிறேனோ என்று துணியைக் கீழே போட்டுவிட்டேன். "இது தண்ணில கரையிற மைம்மா. கரையாதது வேற கீது" என்கிறாள் மகள்.

இன்னொன்று அச்சடித்தாள். தண்ணீரே காட்டவில்லை. ஜன்னல் வெயில் பட்டு முகம் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அண்ணன் குடிக்க மாட்டாருன்ன, கண்ணு செவந்துகினு கீது?" என்கிறாள். சொட்டு தொடாத மனுசன் தம்பி. செத்த பிறகு கெட்ட பேர்.

எங்கே வைத்தால் நிலைக்கும் என்று பார்க்க ஒன்றைக் கொடியில் மாட்டினேன். "அண்ணன காயப் போட்டுக்கினு கீறியா?" என்று அதற்கும் வந்தாள். ஒன்றை அரிசிப் பானைக்குள் வைத்தேன். அது கெடவில்லை. ஆனால் அவர் பார்க்கும்போது ஒரு பிடி குறைத்து அள்ள முடியவில்லை.

சிரிக்காதே. கண்ணை மூடினால் அவர் முகம் வரமாட்டேன் என்கிறது, படம்தான் வருகிறது. படமும் போய்விட்டால் நான் யாரை நினைப்பேன்? போனில் இருக்கிறதே என்கிறாள் மகள். மாதம் ஒருமுறை போனைக் கீழே போடுகிறவள் அவள். அதனால் வருசத் தெவசத்துக்குள் நூறு வருசம் நிற்கிற மை எது, அது இந்த பிரிண்டருக்குச் சேருமா என்று கேட்டு வாங்கி சேலம் பஸ்ஸில் கொடுத்துவிடு. சின்னசேலத்தில் நான் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல் இருக்கட்டும்.

அக்கா,
ராஜாம்பாள்

பின்குறிப்பு: எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "நூறு வருசம் நிக்கணும்னா கண்ணாடிக்குள்ள வைக்கணும். வெயிலு, பொகை ஆவாது. கையே வைக்கக் கூடாதும்மா." கை வைக்க முடியாத மனுசனை நூறு வருசம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்த மை வேண்டாம். படத்தை உன் போனுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நீயாவது கீழே போடாதே. பழைய மையே இரண்டு புட்டி அனுப்பு. துடைக்கத் துடைக்க அச்சடித்துக்கொள்கிறோம்.