தலைக்கட்டுக்கு ஒரு இலை

எடை பார்க்கும் மிஷின்கள் எல்லாம் பொய் சொல்லும் என்பது பொன்னுத்துரையின் நெடுநாள் நம்பிக்கை. ரயில்வே ஸ்டேஷன் மிஷின் பொய் சொன்னது. மருந்துக்கடை மிஷின் பொய் சொன்னது. கடைசியில் டாக்டரின் மிஷினும் அதே பொய்யைச் சொன்னபோதுதான், மூன்றும் கூடிப் பேசியிருக்க வழியில்லையே என்று அவருக்கு உறைத்தது.

"கொழுப்பு ஜாஸ்தி," என்றார் டாக்டர்.

"அத நான் கல்யாணமான மறுவாரமே கண்டுபிடிச்சுட்டேன் டாக்டர்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புவனேஸ்வரி.

அன்றோடு வீட்டில் கறி நின்றது. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கொள்ளு ரசம் குடிக்கிற ஒரே மனிதன் தான்தான் என்று பொன்னுத்துரை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினார். நாகல் நகரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. காயில் கட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவர் வேலை உட்காருவது. புவனேஸ்வரியோ பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரிசியும் பருப்பும் அளந்து போடுகிற கை. ஒரு புருஷனை அளக்க அதற்குத் தெரியாதா?

கொள்ளு ரசத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் பாறைக்கருப்பு கோயில் கறிவிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

அகரத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரம் இருக்கிற பாறைக்கருப்புதான் பொன்னுத்துரை வகையறாவுக்குக் குலசாமி. வருஷத்துக்கு ஒரு தடவை கிடா வெட்டு. சமைப்பதும் ஆண்கள், பரிமாறுவதும் ஆண்கள், தின்பதும் ஆண்கள். சாப்பிட்ட இலை காய்ந்து சருகாகிற வரைக்கும் பெண்கள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. தலைக்கட்டுக்கு ஒரு இலை. வரி கொடுத்த வீட்டிலிருந்து ஓர் ஆண் வந்து உட்காரலாம். வீட்டுக்காரர் வர முடியாவிட்டால் அந்த வீட்டார் சொல்கிற பதிலாள் வரலாம். சுடுசோறு, மேலே கறிக்குழம்பு, போதும் போதும் என்று கையை மறித்தாலும் விழுகிற கறி. இந்த ஜில்லாவிலேயே புவனேஸ்வரி எட்டிப் பார்க்க முடியாத ஒரே பந்தி!

ஆனால் வீட்டுக்கான கோயில் வரி போவது அவள் கையால். அவள் தலையசைக்காமல் இலை கிடைக்காது. பொன்னுத்துரை செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒருநாள் காலை பெரிய விஞ்ஞானி போலத் தொண்டையைக் கனைத்தார்.

"ஏத்தா புவனா, கலோரின்னா என்னன்னு தெரியுமா?"

"லாரி தெரியும்."

"லாரியேதான்னு வச்சுக்க. வாய் வழியா லோடு ஏத்துறோம். வேலை செஞ்சா லோடு இறங்குது. ஏத்துறதும் இறக்குறதும் சரிக்குச் சரியா இருந்தா எடை கூடாது. கூட இறக்குனா குறையும். அம்புட்டுத்தான்."

"இப்ப உங்க லாரி?"

"செத்த ஓவர்லோடு."

"செத்தயா? ஆக்ஸில் முறியப் போகுது."

"அதுக்குத்தான் சொல்றேன். விருந்துக்கு முன்னாடியே நான் ஒடம்ப வளைச்சுக் கலோரிய எரிச்சுடுறேன். அப்புறம் தின்னா கணக்கு நேர். எரிச்சவன் திங்கலாம். இது சயின்ஸ்!"

புவனேஸ்வரி கொள்ளு டப்பாவை மூடி வைத்தாள். அப்புறம் அதையே திருப்பிச் சொன்னாள். "எரிச்சவன் திங்கலாம். சரிங்க."

அவள் இவ்வளவு சுருக்காகச் சரி என்று சொன்ன நாள் எதுவும் பொன்னுத்துரையின் ஞாபகத்தில் இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா ரோட்டுல நடந்தா நடுவுல டீக்கடை வரும், வடை வரும்," என்றாள் அவள். "வீட்டுலயே எரிங்க. மொட்டை மாடித் தொட்டி பாசி புடிச்சுக் கெடக்கு. பின்சுவத்துக்கு வெள்ளையடிக்கணும். கிரைண்டர் வேணாம், ஆட்டுக்கல்லுல மாவாட்டுங்க. மத்தியானம் கடையில இருந்து வந்து செய்யுங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பாப்பேன்."

வருஷக்கணக்கில் அவர் டபாய்த்து வந்த வேலைகள் அத்தனையும் சயின்ஸ் என்ற பெயரில் வரிசையாக வந்து நின்றன.

முதல் நாள் தொட்டிக்குள் இறங்கினார். ஏறத்தான் முடியவில்லை. பக்கத்து வீட்டு மரியசெல்வம் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, தொட்டிக்குள்ள தவமா?"

"கலோரி எரிக்கிறேன்யா. கையக் குடு."

"நீங்க எரிக்கிறது சரி. உங்களத் தூக்குறதுல என் கலோரில்ல எரியுது!"

பொன்னுத்துரைக்குப் பொறி தட்டியது அப்போதுதான். அடுத்தவன் கலோரியும் எரியும்! கடைக்கு எதிரே டீக்கடையில் முத்துச்சாமி என்று ஓர் ஆள் இருந்தான். தென்னை மரம் ஏறுவான், வெள்ளையடிப்பான், கூப்பிட்டால் எந்த வேலைக்கும் வருவான். மறுநாள் மத்தியானமே அவன் கையில் பிரஷ் ஏறியது. பொன்னுத்துரை ஃபேனுக்கடியில் பாயை விரித்தார். சும்மா படுத்திருந்தால் வாய் வலிக்கும் அல்லவா, அதற்கு ஒரு பொட்டலம் காராச்சேவு.

புவனேஸ்வரி வருகிற நேரத்துக்கு முத்துச்சாமி பின்வாசல் வழியாக நழுவுவான். பொன்னுத்துரை ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி வியர்ப்பார். சுண்ணாம்பைத் தொட்டுச் சட்டையில் நாலு பொட்டு வைத்துக்கொள்வார்.

"அட! செவுத்துல ஒரு திட்டு இல்லியே. உங்களுக்கு இம்புட்டுக் கைப்பழக்கமா?"

"ஒழைப்பு, புவனா. ஒழைப்பு."

"மாவு வெண்ணெயாட்டம் இருக்கே!"

"தோளுல்ல வலிக்குது."

"அச்சச்சோ. அந்தத் தோளுலதான் காராச்சேவுத் தூள் ஒட்டியிருக்கு போல."

"அது... சுண்ணாம்பு."

"மஞ்சச் சுண்ணாம்பு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பொன்னுத்துரைக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.

முத்துச்சாமி மும்முரமாக எரித்தான். பரணைத் துடைத்தான். கொல்லையைக் கொத்தினான். உரிக்காமல் கிடந்த தேங்காயெல்லாம் உரித்தான். அவன் பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. பொன்னுத்துரையின் பெல்ட்டில் இருந்த ஓட்டைகளே தீர்ந்துபோயின.

விருந்துக்கு முதல் நாள் புவனேஸ்வரி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஓர் எடை மிஷினை இரவல் வாங்கி வந்தாள். பொன்னுத்துரை மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினார். மூச்சுக்கு எடையில்லை என்பது அப்போது தெரிந்தது.

"கூடியிருக்குங்க."

"அது தசை! கொழுப்பு பூரா தசையா மாறிருச்சு. தசை கனம்தானே?"

"அப்படியா? நம்ம டீக்கடை முத்துச்சாமிய வழியில பாத்தேன். மனுசன் எலும்பும் தோலுமா இருக்காரு. ஏம்ப்பா இப்படிக் கரைஞ்சு போனேன்னு கேட்டேன்."

பொன்னுத்துரைக்குப் புரையேறியது. "என்ன... என்ன சொன்னான்?"

"யாருக்கோ ஒழைக்கிறாராம். பாவம். சரி, நீங்க நாளைக்குப் போறீங்கள்ல? வெறும் வயித்தோட போங்க. அப்பத்தான் நாலு துண்டு கூட எறங்கும்."

தப்பித்தோம் என்று பொன்னுத்துரை பாறைக்கருப்பை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை டீகூடக் குடிக்கவில்லை. வயிற்றைக் காலி வீடு மாதிரி பெருக்கித் துடைத்து வைத்துக்கொண்டு அகரத்துக்கு வண்டியை விட்டார்.

ஆற்றங்கரை முழுக்கக் கறி வாசனை. அண்டா அண்டாவாகக் குழம்பு கொதித்தது. வரிசை வரிசையாகத் தரையில் இலை விரித்திருந்தார்கள். வாசலில் பங்காளி மகன் பாண்டியராஜ் நின்றிருந்தான். கோயில் கமிட்டியில் அவன்தான் எல்லாம்.

"வாங்க சித்தப்பா!"

"ஏலே, என் இலை எங்கடா? ஓரமாப் போடு. சாஞ்சு உக்காரணும்."

பாண்டியராஜ் தலையைச் சொறிந்தான். "உங்க தலைக்கட்டு இலையில ஆள் ஒக்காந்தாச்சே சித்தப்பா."

"என் இலையிலயா? எவன்டா அவன்?"

"உங்க பதிலாள்தான். சித்தி காலையிலயே போன் பண்ணாங்க. உங்களுக்கு டாக்டர் கறி கூடாதுன்னுட்டாராம். வரி குடுத்ததும் சித்திதானே, நான் மறுக்க முடியுமா?"

பாறைக்கருப்பின் எல்லைக்குள் பெண்கள் வரக் கூடாது. பெண்களின் போன் வரக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை.

பொன்னுத்துரை பந்திக்குள் பாய்ந்தார். அவருடைய இலையில், சம்மணம் போட்டு, பெல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு முத்துச்சாமி உட்கார்ந்திருந்தான். இலையில் சோற்று மலை. மலையைச் சுற்றிக் கறி.

"முத்துச்சாமி! எந்திரிடா!"

"சாமி பந்தியில ஒக்காந்துட்டா எந்திரிக்கக் கூடாதாம்ணே. குத்தமாயிரும்."

"டேய், இது என் கறிடா!"

"நானும் அதத்தான் அண்ணிகிட்டச் சொன்னேன். அவங்கதான், எரிச்சவன் திங்கலாம், இது உங்க அண்ணன் கண்டுபிடிச்ச சயின்ஸ்னு சொல்லி அனுப்பி வச்சாங்க." ஒரு நல்லி எலும்பை உறிஞ்சிவிட்டு அவன் தொடர்ந்தான். "உங்களுக்கும் எடம் சொல்லியிருக்காங்கண்ணே."

"எங்கடா? எந்த இலை?"

பின்னாலேயே வந்த பாண்டியராஜ் ஒரு குழம்பு வாளியை எடுத்துப் பொன்னுத்துரையின் கையில் மாட்டினான். ஆவி நேரே மூக்கில் ஏறியது. வரிசை முழுக்க இலைகள் காத்திருந்தன. வெறும் வயிறு ஒரு தடவை உறுமியது. வேறு வழியில்லாமல் அவர் முதல் இலையில் குனிந்தார்.

"இன்னும் நல்லாக் குனிஞ்சு ஊத்துங்கண்ணே," என்றான் முத்துச்சாமி, வாய் நிறையக் கறியோடு. "அப்பத்தான் தொப்பை கரையுமாம்."