பெர்னார்ட் பிடித்த ஈ

"இது ஈ இல்லீங்க, தேனீ" என்றாள் அம்புஜம், கணவரின் வீங்கிய மூக்கில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே.

அது கோதண்டராமனுக்கும் தெரிந்துதான் இருந்தது. கொட்டிய பிறகு தெரிந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் அந்த பெர்னார்டால் வந்த வினை. பூச்சி மியூசியத்தில் இருவருமே உதவியாளர்கள். இவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ்; அவன் நேற்று வந்தவன். போன மாதம் மர்பி டவுனில், தன் வீட்டுச் செவ்வந்தியில், ஹோவர்ஃப்ளை என்ற ஓர் அபூர்வ ஈயைப் பிடித்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஈ, கீழே பித்தளையில் அவன் பெயர். டைரக்டர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறார். பார்க்கப் பார்க்க கோதண்டராமனுக்கு வயிறு எரிந்தது. தனக்கும் ஒரு பித்தளைப் பெயர் வேண்டும்.

வெட்கத்தை விட்டு அவனிடமே அடையாளம் கேட்டிருந்தார்.

"ஈஸி சார். தேனீ வேஷம் போட்டிருக்கும். ஆனா தேனீக்கு ரெக்கை நாலு, இதுக்கு ரெண்டு. மீசை குட்டை. பூ மேல நின்ன இடத்துலயே பறக்கும். சாதா ஹோவர்ஃப்ளைக்கு இடுப்புல மஞ்சப் பட்டை, நம்ம ஈக்கு வெள்ளை."

நம்ம ஈயாம். ரெக்கையை எண்ணக் கிட்டே போனதில்தான் மூக்கில் கொட்டு வாங்கினார்.

மறுநாள் முதல், தான் குடியிருந்த ஜோகுபாளையத்தில், எதிர்வீட்டு மௌரீனின் பூச்செடிகளுக்கு நடுவே வலையோடு நின்றார். நாலாம் நாள் அம்புஜத்துக்கும் எரிய ஆரம்பித்தது.

"தெனம் அவ வாசல்ல என்ன வேலை?"

"ஈ பிடிக்கிறேன்மா."

"ஆபீஸ்ல ஈ ஓட்டுறது பத்தலையா?" அத்தோடு பேச்சு நின்றது. டிபன் கேரியரும் நின்றது.

வெள்ளிக்கிழமை ஒன்று மாட்டியது. ரெக்கை இரண்டு, மீசை குட்டை. பட்டை மட்டும் மஞ்சள்.

அதை மியூசியத்துக்குக் கொண்டுவந்து, கோதண்டராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒயிட்னரை எடுத்தார். முதல் தீற்றல் ரெக்கையில் பட்டது. ஸ்பிரிட்டால் துடைத்தார், ஒரு கால் கழன்றது. பசை போட்டு ஒட்டினார், கால் தலைகீழாக ஒட்டியது. அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார்.

"பலே, உங்களுக்கும் கிடைச்சுதா? நாளைக்கு டெல்லியிலேர்ந்து நிபுணர் வர்றார். ரெண்டையும் லென்ஸ் வச்சுப் பார்க்கட்டும்."

சொல்லிவிட்டுத் தோளில் கை போட்டார். பத்தொன்பது வருஷம் ஏங்கிய கை, இரும்பாகக் கனத்தது. மாட்டினால் வேலையே போய்விடும்.

டைரக்டர் போனதும், பெட்டிகளைத் துடைக்கும் அட்டெண்டர் அர்ஜுனன் ஈயைக் கையில் வாங்கினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அர்ஜுனன் உச்சுக்கொட்டினான். "ஒயிட்னர் உதிர்ந்துடும் சார். முன்னாடியே சொல்லியிருந்தா, பெர்னார்ட் சார் ஈக்குப் போட்ட நெயில் பாலிஷையே உங்களுதுக்கும் போட்டுக் குடுத்திருப்பேனே."