ஒரு வெல்வெட் ரவிக்கையும் ஒரு மாப்பிள்ளையும்

ஒரு ரவிக்கைக்காக, வீடு தேடி வந்த மாப்பிள்ளையைக் கைநழுவ விட்டவள் நான். ஐம்பதுகளில் நடந்தது, இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தலைப்பிரசவத்துக்குக் கோவளத்தில் உம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மகள் பிறந்ததும் செங்கல்பட்டிலிருந்து என் நாத்தனார் ஆமினா ஓடி வந்து, குழந்தையின் காலில் வெள்ளிக் கொலுசு மாட்டி, "இவ எம் மவன் காதருக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். காதருக்கு அப்போது வயது ஆறு மாதம். எனக்குப் பரம சந்தோஷம்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் வீட்டுக்காரர் வந்தார். "இன்னா, ஆளு ரெண்டாயிட்டே?" என்றார். (மனுஷன் விளையாட்டாகத்தான் சொன்னார்.) கொழுந்தனின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. என் கல்யாணத்துப் பச்சை வெல்வெட் ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அன்றே சபதம் எடுத்தேன்.

பால் ஊற உம்மா தினமும் சுறாப்புட்டு செய்து தருவாள். அதைப் பூனைக்கு வைத்தேன். சோற்றைத் தொடவில்லை, எலுமிச்சம்பழச் சாறுதான் ஆகாரம். "துன்னியாம்மா?" என்று உம்மா கேட்டால் ஏப்பம் விட்டுக் காட்டுவேன். பூனை ஆட்டுக்குட்டி அளவுக்கு ஆனது. குழந்தை ஓயாமல் அழுதது. வயிற்றுவலி என்று நானே முடிவு செய்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன்.

செங்கல்பட்டில் கல்யாணத்தன்று ரவிக்கை பொருந்தியது, பால்தான் வற்றிவிட்டது. பெண்கள் என் இடுப்பைப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தபோது, குழந்தை அழுது அழுது குரல் கம்மி, வாயை மட்டும் திறந்து மூடியது. சங்கில் பசும்பால் புகட்டினால் கக்கியது.

ஆமினா தன் மகனை இறக்கிவிட்டு என் குழந்தையை வாங்கினாள். மாமியார் தடுத்தார்.

"யோசிச்சிக்கடி. நீ பால் குடுத்துட்டா ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிடும். அப்பால நிக்காஹ் கூடாது."

எங்கள் மார்க்கத்தில் அதுதான் சட்டம். ஆமினா காதரை ஒரு தடவை பார்த்தாள்.

"அவனுக்கு வேற பொண்ணு கெடைப்பா. இதுக்கு இப்ப பசிக்குது."

குழந்தை குடிக்கிற சத்தம் கேட்டது. நான் அழுதேன்.

"நீ இன்னா துன்னே?" என்று அப்புறம்தான் என்னைக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். ஒரு தாம்பாளம் பிரியாணியை முன்னால் வைத்து, முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. பாதியிலேயே ரவிக்கை விலாப்பக்கம் கிழிந்தது. எனக்குப் பால் திரும்ப ஒரு வாரம் ஆனது. அதுவரை அவள்தான் கொடுத்தாள்.

என் மகளின் நிக்காஹில் காதர் அண்ணனாக நின்று பந்தி கவனித்தான். என் தட்டருகே வந்து, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னான்:

"மாமி, நல்லா கறி போட்டுகினு சாப்டுங்க. அந்தத் தபா நீங்க பட்டினி கெடந்ததுல என் பொண்டாட்டி போச்சு."