மருமகள் கேட்டுவிட்டுப் போன கீச்சான்

கவரைப்பேட்டை,
மார்கழிக் கடைசி

கர்த்தருக்குள் அன்பான சௌபாக்கியவதி மருமகள் சுகிர்தாவுக்கு, மாமனார் பரசுராமன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தை திலகவதியும் சுகம். அவ்விடம் ஓசூரில் நீயும் என் மகன் வசந்தகுமாரும் சுகமாக இருக்க எங்கள் குலதெய்வத்தையும் உங்கள் ஆண்டவரையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். மேலே போட்டிருக்கும் விளி கொஞ்சம் கலப்படமாக இருப்பது எனக்கும் தெரிகிறது. கர்த்தரை முதலில் போடுவதா சௌபாக்கியத்தை முதலில் போடுவதா என்று ஒரு டீ குடித்து முடிக்கிற வரை யோசித்தேன். யாரையாவது விட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படுவானேன் என்று இரண்டையும் போட்டுவிட்டேன்.

போன் இருக்கிற காலத்தில் இந்தக் கிழவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அத்தையின் ஆட்சியில் இருக்கிறது. நான் பேசினால் ஸ்பீக்கரில் போடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அனுப்புவதற்கு முன்பே வாங்கிப் படித்து, பிழை திருத்தியும் கொடுப்பாள். வசந்தகுமாரிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், அவன் ராத்திரிக்குள் அம்மாவிடம் ஒப்பித்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அவன் வாயில் எதுவும் தங்காது. ஆகையால் இந்தக் கடிதம் உனக்கும் எனக்கும் மட்டும். திலகவதிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் நிலைமை என்னவாகும் என்று கீழே படிக்கும்போது உனக்கே புரியும்.

உங்கள் கல்யாணம் முடிந்து நம் வீட்டில் வைத்த முதல் விருந்தில் நடந்ததைக் கிளற எனக்கு ஆசையில்லை, ஆனாலும் கிளறாமல் விஷயத்துக்கு வர முடியவில்லை. சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் நீ வாசல் பக்கம் பார்த்தாய், "மாமா, கீச்சான்!" என்று கத்தினாய், சோற்றுக் கையோடு எழுந்து தெருவுக்கு ஓடினாய். எதிரே கரண்டுக் கம்பியில் ஒரு சாம்பல் நிறப் பறவை உட்கார்ந்திருந்தது. பந்தியில் இருந்த அத்தனை பேரும் பறவையை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார்கள். என் அக்கா மணியம்மாள், "இலையில இருந்து பாதியில எழுந்துக்கினு போறாளே, இன்னா பொண்ணு இது!" என்று சொல்லி, சொன்ன வேகத்திலேயே உன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ திரும்பி வந்தபோது இலை இல்லை. நீ சிரித்துவிட்டுக் கை கழுவினாய். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது என்னிடம் மட்டும், "கீச்சான் பாடற பறவைங்க வகை மாமா. ஆனா இது எந்தக் கீச்சான்னு சரியா பாக்க முடியல, தெரிஞ்சா சொல்லுங்க" என்றாய். அதோடு சரி. தீபாவளிக்கும் நீங்கள் வரவில்லை. கேட்டால் வசந்தகுமார் "லீவு இல்லப்பா" என்கிறான். ரோலிங் மில்லில் ஷிஃப்ட் பார்த்தே தலை நரைத்தவன் நான். லீவு இல்லாதவன் குரல் எப்படி இருக்கும், லீவு கேட்காதவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பொங்கலுக்காவது நீங்கள் வர வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. வா என்று சும்மா கூப்பிடக் கூச்சமாக இருந்தது. நீ கேட்டுவிட்டுப் போனதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கூப்பிட்டால் மரியாதையாக இருக்குமே என்று தோன்றியது. மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பறவையும் நம் தெருவுக்கே திரும்பி வந்துவிட்டது. ஏறக்குறைய மைனா அளவு, வெல்டர் போட்டுக்கொள்கிற கண்ணாடி மாதிரி கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. இதற்குப் பெயர் கண்டுபிடிப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்துத்தான் இறங்கினேன் அம்மா. முதலில் டீக்கடை அன்புவிடம் கேட்டேன். மில்லில் என்னோடு வேலை பார்த்தவன், எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"அது பருந்துக் குஞ்சுய்யா. ஓணானைப் புடிச்சிக் கறி துன்னுது இல்ல?"

"கறி துன்னா பருந்தா? அப்ப நீ யாருய்யா? என் மருமவ சொல்லுச்சு, அது பாடற பறவைங்க வகையறாவாம்."

"இதுவா பாடுது? என் கடை ஷட்டரு இத விட நல்லா பாடும்."

இப்படி ஆரம்பித்தது, கடைசியில் அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிற அளவுக்கு முற்றியது. இரண்டு நாள் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து போய் டீ குடித்தேன். போகட்டும். நாமே பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம் என்று உன் அத்தையிடம் பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, போனை வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறினேன். இந்த மாதிரிப் பறவை அங்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நிறைய உண்டு என்று யாரோ சொன்னார்கள். சொன்னது சரிதான். ஒரு கம்பெனியின் பின்பக்கத்து முள்கம்பி வேலியில் ஒரு கீச்சான் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனால், கம்பியின் முள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறது! ஒரு வெட்டுக்கிளி, ஒரு ஓணான், ஒரு சுண்டெலி, மறுபடியும் வெட்டுக்கிளி. கறிக்கடையில் தொங்கவிடுகிற மாதிரி வரிசையாக. நான் அசந்துபோய் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

"பெரியவரே, வேலி ஓரம் இன்னா நோட்டம் பாக்கற?"

திரும்பினால் கம்பெனி செக்யூரிட்டி, இம்மானுவேல் என்று சட்டையில் பெயர். அந்தப் பக்கம் இரும்புத் துண்டு திருடுகிறவர்கள் தொல்லை அதிகமாம், வேலியைப் போட்டோ எடுக்கிறவனை வேறு எப்படி நினைப்பார்கள்? நான் திருடன் இல்லை, ஓணானைத்தான் போட்டோ எடுத்தேன் என்று சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. மனுஷன் முகம் மாறிவிட்டது.

"அப்ப ஓணான் மாட்டறது நீதானா? மேனேஜரு டெய்லி என்னியதான்யா கேக்கறாரு, பொழுது போகாம நீதான் மாட்றியான்னு. பெரிய பேஜாரா பூட்ச்சு. இப்பதான்யா நீ மாட்டிக்கினே!"

என்னைக் கேபினில் உட்கார வைத்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் ஒரு மெமோ கூட வாங்காதவன், ஓணானைக் கொன்று வேலியில் தொங்கவிட்ட குற்றத்துக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் சுகிர்தா. மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வருகிற வரை நகரக் கூடாது என்று உத்தரவு. அந்த நேரம் பார்த்து, ஆண்டவன் அனுப்பிய சாட்சி மாதிரி கீச்சான் ஒரு வெட்டுக்கிளியோடு வந்து எங்கள் இருவர் கண்ணெதிரே அதை முள்ளில் குத்தி, அலகால் இழுத்து, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டும் போயிற்று. இம்மானுவேல் வாயைப் பிளந்தார். "ஏசப்பா, இது பண்ற வேலைக்கா நான் திட்டு வாங்கினு இருந்தேன்!" என்று சொல்லி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த தடவை அது வந்தபோது மேனேஜருக்குக் காட்ட வீடியோவும் எடுத்துக்கொண்டார். இப்போது எங்களுக்குள் நல்ல சிநேகம்.

இந்த இம்மானுவேலின் மனைவி ஆரோக்கியமேரி பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அவர்தான் போனில் எனக்குப் பாடம் எடுத்தார். கறி தின்கிற ஜீவன் எப்படிப் பாடும் பறவை வகையில் சேரும் என்று கேட்டேன். "தொண்டை, காலு இதெல்லாம் பாத்துதான் சார் வகை பிரிக்கணும். யாரு இன்னா சாப்பிடறாங்கன்னு பாத்து வகை பிரிக்கக் கூடாது" என்றார். இந்த வார்த்தையை என் அக்கா மணியம்மாளுக்கு முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. தைரியம்தான் வரவில்லை. இன்னொன்றும் சொன்னார். வடக்கே தூர தேசத்தில் இருக்கிற சாம்பல் கீச்சானும் நம் நாட்டுச் சாம்பல் கீச்சானும் ஒரே இனம் என்று வைத்திருந்தார்களாம், அப்புறம் வேறு வேறு என்று பிரித்தார்களாம், இப்போது மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்களாம். படித்தவர்களும் நம் பங்காளிகள் மாதிரிதான் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியாக டீச்சர் இரண்டு படம் அனுப்பினார். ஒன்று சாம்பல் கீச்சான், முதுகு முழுக்கச் சாம்பல். இன்னொன்று நீள்வால் கீச்சான், தலையும் தோளும் சாம்பல்தான், ஆனால் இடுப்பில் செம்பழுப்பு இருக்குமாம். "பின்பக்கம் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். நம் தெருக் கம்பியில் உட்கார்கிற கீச்சான் எப்போதும் என்னை நேருக்கு நேர் பார்த்துத்தான் உட்காரும். மரியாதை தெரிந்த பறவை, முதுகைக் காட்டாது. மார்பு வெள்ளை, கண்ணில் கறுப்பு, தலை சாம்பல். ஆகவே, சுகிர்தா, நீ கேட்டுவிட்டுப் போனது சாம்பல் கீச்சான்தான் என்று உன் மாமனாராகிய நான் இதன் மூலம் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். சந்தேகமே வேண்டாம்.

இனி உன் அத்தை விஷயம். அன்று நீ பந்தியில் எழுந்து ஓடியதற்கு அவளுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. உன் பேரை எடுத்தாலே பேச்சை மாற்றுகிறாள். போனில் நான் எடுத்து வைத்திருந்த ஓணானும் எலியுமாக முப்பது போட்டோவைப் பார்த்தாள், இது என்ன கண்றாவி என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. இப்போதெல்லாம் அடுப்பங்கரை ஜன்னல் ஓரம் போய் வெளியே வெறித்துப் பார்த்தபடி நிற்கிறாள். போன வாரம் கூட்டு அடிப்பிடித்தது, இந்த வாரம் பால் பொங்கி வழிந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், இது சாதாரணக் கோபம் இல்லை. ஆகையால் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். போகிக்கு முதல் நாள் நீங்கள் கவரைப்பேட்டையில் இறங்குங்கள், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். முதலில் கீச்சானைப் பார்த்துவிடுவோம். பிறகு நான் மட்டும் வீட்டுக்குள் போய், யாரோ ஓசூர்க்காரர்கள் வழி தவறி வந்திருக்கிறார்கள் என்று பக்குவமாக ஆரம்பிக்கிறேன். அவள் கத்தினால் நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான். நீ வாசலில் நின்றுகொண்டிரு, பயப்படாதே. உன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? நீ இல்லாமல் இந்த வீட்டில் பறவையைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் இல்லை அம்மா.

வசந்தகுமாருக்கு என் அன்பு, ரயில் ஏறுகிற வரை அவனிடம் எதையும் சொல்லாதே. உன் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, கேட்ட லீவு கிடைத்து, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் பாசமுள்ள மாமா,
பரசுராமன்

பின்குறிப்பு: சுகிர்தா, இத எழுதறது அத்தை. உன் மாமா கவரு ஒட்டறதுக்கு ரெண்டு பருக்க சோறு குடுன்னு அடுப்பங்கரைக்கு வந்து நின்னாரு. ரகசியக் கடுதாசி எழுதற மனுசன் சோத்துக்கு எங்கிட்டயே வந்தா நான் இன்னா பண்றது? வாங்கிப் படிச்சேன். அவரு எழுதிகீறது அத்தனையும் தப்பு. மொதல்ல அது சாம்பல் கீச்சான் இல்ல. தெருவுல நின்னு மூஞ்சிய மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிட்டாரு. அது ஊட்டுக்குப் பின்னால முருங்கை மரத்துக்கு வரும்போது எனக்கு ஜன்னல்ல முதுகு நல்லா தெரியும். இடுப்புல செங்கல் கலரு, வாலும் நீட்டு. டீச்சர் அனுப்பிச்ச ரெண்டாவது படம்தான். இத பாக்கத்தான் ஜன்னல்ல நிக்கறேன், அதான் கூட்டு அடிப்புடிக்குது. உன் மேல எனக்கு இன்னா கோவம்? நீ ஆசையா ஒண்ணப் பாக்க ஓடின, அவ்ளோதான. ஊட்டுக்கு வந்த மொத நாளே புள்ள அரை வயித்தோட போச்சேன்னுதான் எனக்கு மனசு ஆறல. அதான் உன் பேரு வந்தா பேச்ச மாத்திடறேன், அழுக வந்துடும்னு. வழி தவறி எல்லாம் வர வேணாம், நேரா ஊட்டுக்கு வா. மொதல்ல சாப்பிடு. நடுவுல பறவை வந்தா எழுந்து ஓடு, எத்தினி வாட்டி வேணா ஓடு. உன் இலைய எவளாவது தொடட்டும், அப்பால நான் பாத்துக்கறேன்.