காற்றுக்கு மஞ்சள் தெளித்த கதை

கல்யாணமான புதிதில் பெண்கள் எதையாவது சமைத்துக் கணவனைச் சோதிப்பார்கள். சிலர் சாம்பார், சிலர் மீன் குழம்பு. நான் காற்றைச் சமைத்தேன்.

ராவாங் பக்கம், புக்கிட் செந்தோசாவில் ஒரு வாடகை வீடு எடுத்திருந்தோம். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த மாமியார், மகனை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் கணவர் மகேந்திரனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கடைசியில் மாமியார் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு.

"ராவாங்ல வேலைன்னா போங்கலா. ஆனா இழுப்பு கூடுச்சுன்னா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டு இங்க வந்துரணும்."

நானும் தலையாட்டினேன். (தனி வீட்டுக்காக அன்று எதற்கு வேண்டுமானாலும் ஆட்டியிருப்பேன்.)

குடிபோன மாதமே மழை பிடித்துக்கொண்டது. படுக்கையறையில் கொடி கட்டி, சன்னலைச் சாத்தி, துணிகளை அங்கேயே காயப்போட்டேன். அவருக்கு லேசாக இழுக்கத் தொடங்கியது. எனக்கு மூட்டைதான் கண்ணில் வந்தது. உடனே கைப்பேசியில் தேடினேன். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரிலிருந்து, கம்பளிச் சட்டை போட்ட அம்மாள் ஒருவர், வறண்ட காற்றுதான் எதிரி, அறைக்கு ஈரம் கொடுங்கள் என்றார். எங்கள் அடுப்படியில் உப்பு கசிந்து கஞ்சியாகிக் கிடந்தது. வெளியே கால்வாய் நிரம்பி ஓடியது. அப்படியும் 'அடடா, நம் வீட்டுக் காற்று வறண்டுவிட்டதே' என்று கவலைப்பட்டேன்.

தண்ணீர் ஊற்றினால் புகைபோல ஈரத்தைக் கக்கும் ஓர் இயந்திரத்தை ஆன்லைனில் வாங்கினேன். வெள்ளை யானைக்குட்டி வடிவம், தும்பிக்கை வழியே புகை. கட்டிலருகே வைத்ததும் பிள்ளையாரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இழுப்பு கூடியது. ஈரம் போதவில்லை என்று நானும் கூட்டினேன். இன்னும் இழுத்தது. இன்னும் கூட்டினேன்.

"மாலா, தலகாணியெல்லாம் நசநசன்னு இருக்குலா," என்றார் அவர்.

"அது நல்லதுங்க. வீடியோவுல சொன்னாங்க."

அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருவதாக மாமியார் போன் செய்தார். சனிக்கிழமை காலையில் ஒரு யோசனை பிறந்தது. புது வீட்டுக்கு, அம்மை கண்ட வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறோமே, காற்றுக்கு மட்டும் ஆகாதா? பிள்ளையார் உருவம் வேறு. வேப்பிலை ஊறிய தண்ணீரில் மஞ்சள்தூளைத் தாராளமாகக் கலந்து யானையின் வயிற்றில் ஊற்றினேன். தூங்கிக்கொண்டிருந்தவர் பக்கம் தும்பிக்கையைத் திருப்பிவிட்டுக் கடைக்குப் போனேன்.

திரும்பிவந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க மஞ்சள் மூட்டம். சுவர் மஞ்சள், மெத்தை மஞ்சள், கொடியில் கிடந்த அவருடைய வெள்ளை வேலைச்சட்டைகள் மஞ்சள். நடுவில் மஞ்சளாக என் கணவர், வாயில் அடிக்கும் ஆஸ்துமா பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இவர் மூச்சுவிட்டால் போதும் என்று அழுதுகொண்டே காரை ஓட்டினேன்.

கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய புருவத்தையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன நாளா மஞ்சக்காமாலை?"

"காமாலை இல்ல மிஸ்ஸி. மஞ்சத்தூள்."

"சாப்பிட்டாரா?"

"இல்ல… மூச்சுல இழுத்துட்டாரு."

மருந்துப்புகை முகமூடி மாட்டி, அவருக்கு மூச்சு சீரான பிறகுதான் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊர்க் காத்து ஏற்கெனவே ஈரம். மூடுன ரூம்ல துணியும் காயப்போட்டு மிஷினும் விட்டா பூஞ்சை பிடிக்கும், மெத்தையில தூசிப்பூச்சி பெருகும். அதுங்கதான் இழுப்பைக் கெளப்பும். ரொம்ப வறண்டாலும் சிலருக்கு ஆகாது, அதுக்காக இப்படியா? அந்த மஞ்சத்தூளு, அது உங்க சொந்தக் கண்டுபிடிப்பு!"

மறுநாள் மாமியார் வந்தபோது மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அலமாரியை நகர்த்தினார். பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. சன்னலைப் படாரென்று திறந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இவன் சின்னப்பயலா இருந்தப்ப, இழுப்பு நிக்கட்டும்னு கதவ மூடி சாம்பிராணி போட்டேன். உதடெல்லாம் நீலமாயிட்டான். எங்கிட்ட நீலம், உங்கிட்ட மஞ்சள். பரவால்லலா, தேறிடுவே. மூட்டையப் பிரி."

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு இருவரும் சேர்ந்து சுவரைத் தேய்த்தோம்.

இப்போது துணி காய்வது முன்வாசல் கூரைக்குக் கீழே. சுவரில் ஈரம் காட்டும் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கிறோம். முள் ஏறினால் சன்னல் திறக்கும், அல்லது ஏர்கோன் ஓடும். அவருடைய பம்ப் பெரும்பாலும் மேசை இழுப்பறையிலேயே தூங்குகிறது. யானையின் வயிற்றில் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது.

போன மாதம் பாலர் பள்ளியில் எங்கள் ஐந்து வயது மகளைக் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி சொல்லிக் கேட்ட கதையை வைத்து, அப்பாவுக்குத் தலை முதல் கால் வரை மஞ்சள் தீட்டியிருக்கிறாள். ஆசிரியை பதறிப்போய், "அப்பாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டாராம்.

"ஒண்ணுமில்ல டீச்சர். அம்மா மருந்து குடுத்தாங்க."