பித்தப்பை அண்ணனும் ஒரு நேரச் சாப்பாடும்

கண்டியில் அந்த யுத்த நாட்களில் ஆளுக்கொரு பயம் இருந்தது. குண்டுக்குப் பயந்தோம், அடையாள அட்டையை மறந்துவிடுவோமோ என்று பயந்தோம். ஊரிலுள்ள அத்தனை பேருடைய பித்தப்பைக்கும் சேர்த்துப் பயந்தவர் பித்தப்பை அண்ணன் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். தபாலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. நாவலப்பிட்டியிலிருந்து கடை வேலைக்கு வந்திருந்த எனக்கும் அவருக்கும் ஒரே போர்டிங் அறை. வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் மண்டி படிந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு அவருக்கு வேறு பேச்சே இல்லை.

"தம்பி, அது தபால் பை மாதிரி. சாப்பிட்டால்தான் சுருங்கிப் பித்தத்தை வெளியாலை விடும். பட்டினி கிடந்தால் உள்ளுக்கையே தேங்கி மண்டியாப் படியும். விட்டால் கல்லாப் போகும். காலமை சாப்பிட்டனீரோ?"

ஸ்கேன் படத்தை அடையாள அட்டையோடு சேர்த்தே கொண்டுபோவார். ஒருநாள் சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை வெளிச்சத்தில் பிடித்து, இது எந்த இடத்து வரைபடம் என்று கேட்டான். நான் அவசரமாக என் அட்டையை எடுத்து நீட்டினேன். இவரோ மண்டி இருந்த இடத்தை விரலால் காட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அவனையே கேட்டார். இல்லை என்றான். "கூடாது, கூடாது" என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

இத்தனை உபதேசம் செய்தவர் சாப்பிட்டதோ மத்தியானம் ஒரு நேரம் மட்டும். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். சண்டை மூண்டதிலிருந்து அவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கடிதம் வரும்வரை ஒரு நேரச் சாப்பாடுதான் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

ஊரடங்கு போட்ட ஒரு பகலில் வலி வந்தது. விலாவில் பிடித்துத் தோள்வரை ஏறியது. வாந்தி வேறு. வாகனம் கிடையாது. வியர்த்துக் கிடந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போய்விடுவாரோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டாக்டர் திட்டினார். மண்டி குழாயை அடைத்தால் கணையமும் வீங்கும், உயிருக்கே ஆபத்து, நேரத்துக்குச் சாப்பிடு என்றார்.

"நேத்தியை மாத்த ஏலாது தம்பி," என்றார் அண்ணன்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நானும் ஒரு நேரந்தான் அண்ணே. கடிதம் வர்ற வரைக்கும்."

முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் என் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் இடியப்பப் பார்சலோடு வந்தார்.

"உமக்கும் மண்டி பிடிக்கப் போகுது. சாப்பிடும்."

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

சுவரிலிருந்த முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "முருகா, இந்தப் பெடியன்ர பித்தப்பைக்காகத்தான்" என்று சொல்லி, ஓர் இடியப்பத்தை வாயில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அன்றிலிருந்து இருவரும் மூன்று நேரமும் சாப்பிட்டோம். அடுத்த ஸ்கேனில் மண்டி கரைந்திருந்தது. கடிதம் அதற்கும் பிறகுதான் வந்தது. எல்லாரும் சுகம். கடைசியில் மகள், "அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தவர் பேனையை என்னிடம் நீட்டினார். "ஓம் எண்டு நீரே எழுதும். நான் எழுதினால் நம்பமாட்டாள்."

எழுதினேன். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.